கெட்டி அட்டைக்குப் பயந்த காலம்

எங்கள் பக்கத்தில் புத்தகத்துக்கு முதல் எதிரி பனிமூட்டம்தான். நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்துக்குள், எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். அதில் தொங்கலில், அதாவது கடைசியில் இருந்தது எங்களுடையது. மழைக் காலத்தில் அதன் சுவர் வியர்க்கும். கெட்டி அட்டைப் புத்தகத்தை அந்தச் சுவரோரம் ஒரு வாரம் வைத்தால் அட்டை ஊறி உப்பிவிடும். துணி ஒட்டிய இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய அட்டைப் புத்தகத்துக்கு வேறு வியாதி. பசை விட்டு, தாள் தாளாகக் கையோடு வரும். அம்மா இரண்டுக்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தாள். அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் பரணில் புத்தகங்களையும் அடுக்கிவிடுவாள். என் புத்தகங்கள் எல்லாம் புகை மணத்தோடுதான் இருந்தன.

அப்படியிருந்தும் எனக்குக் கெட்டி அட்டைதான் பிடிக்கும். மடியில் விரித்து வைத்தால் அது அப்படியே கிடக்கும். போஞ்சி நறுக்கிக்கொண்டே வாசிக்கலாம். மெல்லிய புத்தகத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேயிருக்க வேண்டும். கொஞ்சம் கை தளர்ந்தால் மூடிக்கொள்ளும், விட்ட இடம் தொலைந்துபோகும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலேயே டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமைகளில் பசறை வழியாக பஸ் ஏறி பதுளைக்குப் போவேன். பஸார் வீதியில் ஒரு முஸ்லிம் பெரியவர் பேப்பர்க் கடை வைத்திருந்தார். நாங்கள் அவரை நானா என்போம். முன்னால் பத்திரிகை, கொப்பி, பேனா. பின்னால் இரண்டு தட்டு நிறைய இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள். என்னைக் கண்டதும், "என்ன டீச்சர், இன்டைக்கு லேசானதா, பாரமானதா?" என்று கேட்பார். அவர் கணக்கில் புத்தகங்கள் அந்த இரண்டு வகைதான். பாரமானது வந்திருந்தால் எனக்காக எடுத்து வைத்திருப்பார்.

அந்த வருஷம் எங்கள் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பாடசாலைக்குப் பின்னால் இருந்த ஒற்றையறைக் குவாட்டர்ஸில் தனியாகத் தங்கினார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை நீர், உமக்கு என்று பேசுவார். முதலில் அந்த "நீர்" எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அதைக் கேட்காவிட்டால் நாள் போகாது.

அக்காவிடம் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. வடக்கில் ஒரு கடற்கரைக் கிராமத்தைப் பற்றிய நாவல். கறுப்புச் சிவப்புத் துணி ஒட்டிய கெட்டி அட்டை. மேலுறை எப்போதோ போய்விட்டது. முதுகில் இருந்த பெயரும் அழிந்து, வெளியே ஒரு எழுத்துக்கூட இல்லாமல் இருந்தது. வீட்டை விட்டு ஓடிய ஒவ்வொரு தடவையும் எதையாவது கைவிட்டு வந்ததாகவும், இது மட்டும் எப்படியோ கூடவே வந்ததாகவும் சொன்னார். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். கடலையே பார்த்திராத எனக்கு அதில் வரும் காற்றும் உப்பும் பழகிப்போயின.

பல கைகள் பட்டு அதன் தையல் விட்டுவிட்டது. நானாவுக்குத் தெரிந்த பைண்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொடுத்துத் தைத்து எடுக்கலாம் என்று, ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

அப்போது எங்கே குண்டு வெடித்தாலும் அடுத்த நாள் எங்கள் மலைக்கும் பயம் ஏறிவிடும். கொழும்பில் கடைகளில் வேலை செய்த தோட்டத்துப் பையன்களைப் பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி வரும். எங்கள் லயத்திலேயே ஒருவன் அப்படிப் பிடிபட்டு வருஷக்கணக்கில் வரவில்லை. அந்த வாரமும் ஏதோ நடந்திருந்தது. டவுனுக்கு முன்னால் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று அடையாள அட்டையையும் பையையும் காட்ட வேண்டும்.

அக்காவின் அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்தது. ஆமிக்காரர் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பையைத் திறக்கச் சொன்னார். குடை, சாப்பாட்டுப் பார்சல், புத்தகம். புத்தகத்தைத்தான் எடுத்தார்.

"மொகத மே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

"கதைப் புத்தகம்," என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது.

"கதைப் புத்தகம் என்றால் படம் எங்கே?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸில் வந்த வேறொரு பெண்ணின் பையிலும் தமிழ்ப் புத்தகம் இருந்தது. அட்டையில் பூ வைத்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அதை யாரும் தொடவேயில்லை. எங்களுடையதில் படமும் இல்லை, பெயரும் இல்லை. தமிழ் எழுத்து மட்டும் உள்ளே பொடிப்பொடியாக நிறைந்திருந்தது. அவர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார். அட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து அட்டையின் ஓரத்தைக் கிழித்து உள்ளே நோண்டினார். உள்ளே பழைய கணக்குத் தாளை ஒட்டிச் செய்த மட்டைதான் இருந்தது. கிழிபட்ட சத்தத்துக்கு அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

பஸ் போய்விட்டது. எங்களைப் பொலிஸுக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதட்டவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. சுவரோர மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் லீவில் போயிருப்பதாகச் சொன்னார். புத்தகத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். பைண்டரிடம் கொடுக்க, பேப்பர்க் கடை நானாவிடம் என்றேன்.

"அவர்தான் எங்களுக்குப் பேப்பர் போடுகிறார்," என்று அதிகாரி முகம் மலர்ந்தார். "அவரைக் கூப்பிடுங்கள். அவர் வாசித்துச் சொல்லட்டும்."

நான் அந்தப் புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தவள். அதில் ஆயுதமும் இல்லை, இயக்கமும் இல்லை. அதெல்லாம் வருவதற்கு முன்பு எழுதிய கதை. ஆனால் இருட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் படகு இருந்தது. இந்தியக் கரைக்குப் போய்ச் சாமான் ஏற்றி வரும் மனிதர்கள் இருந்தார்கள். கடற்படைக்காரரின் கண்ணில் படாமல் தப்பும் ஓர் அத்தியாயம் முழுக்க இருந்தது. அந்த நாளில், அந்த அறையில், யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியின் பையிலிருந்து எடுத்த புத்தகத்தில் அதெல்லாம் வெறும் கதையாக இருக்க முடியாது.

அக்கா மெல்லக் கேட்டார். "என்னவாம்?"

"வாசிக்க ஆள் வருதுக்கா. நானாதான்."

"அந்தப் படகு வாற இடத்தைத் திறந்தால்?"



நானா வந்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். எங்களைத் தெரிந்த மாதிரியும் காட்டவில்லை, தெரியாத மாதிரியும் காட்டவில்லை. அதிகாரி புத்தகத்தை நடுவில் விரித்து அவர் முன்னால் தள்ளினார். முதலில் தமிழில் வாசியுங்கள், பிறகு என்னவென்று சிங்களத்தில் சொல்லுங்கள் என்றார்.

தையல் விட்ட புத்தகம் எங்கே விரியும்? எல்லோரும் திரும்பத் திரும்ப வாசித்த இடத்தில்தான். நானா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிய முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் படகைத் தண்ணீரில் தள்ளுகிறார்கள். விளக்கை ஊதி அணைக்கிறார்கள். தூரத்தில் கடற்படையின் வெளிச்சம்.

நானா ஒரு பந்தியை வாசித்து முடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். அதற்குப் பிறகு சிங்களத்தில் சொன்னார்: "மாத்தியா, இதுல அண்ணனும் தம்பியும் ஒரு மாட்டுவண்டிய வயலுக்குத் தள்ளுறாங்க. மழை வரப்போகுது. தூரத்துல மின்னல் அடிக்குது."

என் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அதிகாரி தலையாட்டினார். "மேலே," என்றார்.

நானா மேலே வாசித்தார். தமிழில் படகு, கடல், கரை, துடுப்பு என்று ஒவ்வொன்றையும் தெளிவாக வாசித்தார். சிங்களத்தில் வண்டி, வயல், வரம்பு, கம்பு என்று சொன்னார். இந்தியா என்று வந்த இடத்தில் மாமன் வீடு என்றார். குரல் நடுங்கவில்லை. ஒரு விரலை வரியிலேயே வைத்திருந்தார். மற்றக் கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் வாசலைப் பார்த்தேன். அங்கே ஒரு பெண் பொலிஸ் நின்றார். சிங்களப் பெண். அவரை நான் பதுளைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் தமிழில் பேரம் பேசித்தான் கீரை வாங்குவார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராக இருக்க வேண்டும். பேச்சு எங்கள் பேச்சாகவே இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாததால் அதிகாரி அவரைக் கேட்கவில்லை போலிருக்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன? காது கேட்குமே. படகு என்று கேட்டபோது அவர் தலை நிமிர்ந்தது. வண்டி என்று கேட்டபோது நானாவையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்தால் மூன்று பேர் கதையும் முடிந்தது. நாங்கள் இரண்டு பேராவது புத்தகத்துக்குச் சொந்தக்காரர்கள். நானாவுக்கு இதில் என்ன? கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போயிருந்தால் யார் அவரைக் குறை சொல்லப்போகிறார்கள்?

அதிகாரி இன்னும் இரண்டு இடங்களைத் திறந்து கொடுத்தார். ஒன்று கல்யாண வீடு. நானா அதை அப்படியே சொன்னார். மற்றதில் மறுபடி கடல். மறுபடி அது வயலாகியது. அதிகாரி கொட்டாவி விட்டார்.

"விவசாயக் கதை," என்றார்.

"ஆமா மாத்தியா. பழைய கதை. இப்ப யாரு இதெல்லாம் வாசிக்கிறது?" என்றார் நானா.

பெண் பொலிஸ் ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே முற்றத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அக்காவின் விவரங்களை எழுதிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்கள். புத்தகத்தைத் தரவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தைரியம் இல்லை. வாசலைக் கடக்கும்போது அந்தப் பெண் பொலிஸ், உதடு அசைவதே தெரியாமல், தமிழில் சொன்னார். "பாத்துப் போங்க."

அது பரிவா, எச்சரிக்கையா என்று நானும் அக்காவும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசினோம். கடைசிவரை முடிவுக்கு வரவில்லை. பிறகு சந்தையில் அவரைக் கண்டால் நான் வேறு கடைப் பக்கம் திரும்பிவிடுவேன். அவரும் அப்படித்தான் செய்தார்.

அந்த வாரம் நான் பரணிலிருந்த கெட்டி அட்டைப் புத்தகங்களை இறக்கினேன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் இடத்தில், வேலை செய்தார். அங்கிருந்து ஒரு கத்தி கொண்டுவந்து தந்தார். ஒவ்வொன்றாக அட்டையைக் கீறி எடுத்தேன். தோல் உரிப்பது போலத்தான் இருந்தது. உள்ளே இருந்த தாள்கட்டுகளுக்குப் பழைய கலண்டர் படத்தை உறையாகப் போட்டேன். சாமி படம், குழந்தைப் படம், நீர்வீழ்ச்சி. எடுத்த அட்டைகளை அம்மா அடுப்பில் வைத்தாள். ஈரம் ஊறிய மட்டை எரியாமல் புகைந்தது. காம்பரா முழுக்கப் புகை.

"எரிஞ்சா எரியட்டும்டி. புள்ள இருந்தா போதும்," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த மாதம் விடியற்காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில், லயத்தைச் சுற்றி வளைத்துச் சோதித்தார்கள். எங்கள் காம்பராவிலும் புகுந்தார்கள். ஒருவர் என் புத்தகங்களில் ஒன்றை எடுத்து, சாமி படத்தைப் பார்த்துவிட்டு, செருப்புப் படாத இடமாகப் பார்த்து வைத்தார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடும்போதெல்லாம், இதை இன்னொருவர் கையில் எடுத்தால் என்ன நினைப்பார் என்றுதான் முதலில் தோன்றும். கதை எதைப் பற்றியது என்பதெல்லாம் பிறகுதான்.

அக்கா எங்கள் பாடசாலையில் இரண்டு தவணைகூட நிற்கவில்லை. இடமாற்றம் கேட்டுப் போனார். பிறகு கனடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நானா கடையில் நான் வெகுநாள் கழித்துத்தான் காலை வைத்தேன். பின்தட்டைப் பார்த்தேன். பாரமான புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"இனி அது எடுக்கிறல்ல டீச்சர். மட்டைக்குள்ள என்ன ஈக்குதுன்னு அவங்க கேட்டா நான் என்ன செல்லுறது?" என்று சொல்லி, ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். அட்டையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். "இது எடுங்க. உள்ள நல்ல கதை. மேல படம் கேவலமா ஈக்குது. அதுதான் நல்லம்."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அன்னைக்கு ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. "படகுன்னு செல்லத்தான் வாயத் தொறந்தேன். வண்டின்னு வந்துட்டுது. பொறகு எப்படித் திருப்புறது? வீட்டுக்குப் போயி மூணு நாள் காய்ச்சல்," என்றார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் சண்டை ஓய்ந்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி பதுளைப் பக்கம் குடிவந்திருந்தேன். டவுனில் போன் பேசப் போகும் கொம்யூனிகேஷன் கடைகளில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அக்கா யாரிடமோ என் விவரம் கேட்டு, பாடசாலைக்குக் கடிதம் போட்டு, ஈமெயில் திறக்கச் சொன்னார். திறந்தேன். முதல் மெயிலிலேயே ஒரு புத்தகம் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் போட்டோ பிடித்தது போல, முழுப் புத்தகமும் திரையில்.

நம்பவே முடியவில்லை. பூஞ்சணம் இல்லை, பசை விடுவதில்லை, அட்டையே இல்லை. ஆனால் அந்தக் கடையில் திரைகள் எல்லாம் ரோட்டைப் பார்த்திருந்தன. தமிழ் எழுத்து அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வெளிச்சமாக நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னால் யாராவது நடந்தால் உடனே மூடிவிடுவேன். ஒரு பக்கம் வாசிக்க நாலு தரம் திரும்பிப் பார்ப்பேன்.

சண்டை மறுபடி மூண்டது. பஸ்களில் குண்டு வெடித்தது. வழிமறிப்புகளும் திரும்பி வந்தன. கடையில் உட்கார்ந்து வாசிக்கப் பயமாக இருந்ததால், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொல்லி, அக்கா அனுப்பிய எல்லாவற்றையும் ஒரு சீடியில் போட்டு வாங்கினேன். பாடசாலைக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அங்கே கதவைச் சாத்திவிட்டு வாசிக்கலாம் என்று எண்ணம்.

அந்தச் சீடியோடுதான் ஒரு வழிமறிப்பில் அகப்பட்டேன். பையைச் சோதித்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். சீடியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் என்ன, டீச்சர்?"

"புத்தகங்கள்."

சிரித்தார். "புத்தகமா? அப்படியென்றால் திறந்து காட்டுங்கள்."

நான் எதைத் திறப்பேன்? கெட்டி அட்டையையாவது கிழித்துப் பார்த்தார்கள். இதை எப்படிக் கிழிப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போதுதான் உறைத்தது. அதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது. அக்கா அனுப்பியதில் பாதிக்கு மேல் நான் இன்னும் திறக்கவேயில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே என்ன அச்சடிக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், எனக்கு என்ன தெரியும்? பார்த்தே இராத பக்கங்களுக்காக நான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்தச் சாவடியில் கம்ப்யூட்டர் இல்லை. சீடியை ஒரு உறையில் போட்டு, என் அடையாள அட்டை இலக்கத்தை மேலே எழுதிக்கொண்டு, என்னைப் போகவிட்டார்கள்.

போகவிட்டதுதான் பெரிய வேதனை. அதற்குப் பிறகு வாசலில் எந்த வாகனம் நின்றாலும் எனக்கு அந்த உறையின் நினைப்புதான். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை.

"ஒனக்கு என்னதான் ஆச்சு? கதைப் புத்தகம்னு நீயே சொல்ற. பிறகென்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கதைதாங்க. ஆனா என்ன கதைன்னு தெரியாதே," என்றேன்.

அவர் எழுந்து போய், எனக்கு அக்கா எழுதிய கடிதங்களை அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை.

யாரும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருஷம். யாருமே வரவில்லை. யாராவது போட்டுப் பார்த்துச் சலித்துப்போனார்களா, உறையோடு ஏதாவது அலுமாரியில் கிடக்கிறதா, எனக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மழை நாளில் அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தார். பதினைந்து வருஷம் கழித்து அந்தக் குரல். முதலில் நானா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார், கண் மங்கிவிட்டது என்றேன்.

"இப்ப செக்கிங் ஒண்டும் இல்லைத்தானே? உமக்குப் புத்தகம் அனுப்பப்போறன். கெட்டி அட்டையா, மெல்லிசா? இல்லாட்டி ஃபைலா அனுப்பட்டே?"

யோசிக்காமலே வந்தது வாயில். "மெல்லிசு போதும்க்கா. மேல படம் உள்ளதா பாத்து அனுப்புங்க."

"இன்னுமா?" என்றார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீங்க என்ன வாசிக்கிறீங்க அக்கா? அங்க கெட்டி அட்டை எல்லாம் அழகழகா கிடைக்குமே?"

"வாங்கிறதில்லை. ஒண்டுகூட வாங்கிறதில்லை. எல்லாம் கம்ப்யூட்டரிலதான். ஒரு சின்ன பென்டிரைவில போட்டுக் கைப்பையில வச்சிருக்கிறன். எழும்பி ஓடு எண்டால் அப்பிடியே எடுத்துக்கொண்டு ஓடலாம். திரும்பத் திரும்ப விட்டிட்டு வந்தது காணும், இனியும் ஏலாது."

"அங்கயுமா ஓடணும்?"

"இல்லையப்பா. இஞ்சை ஆர் ஓடச் சொல்லப்போறான்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எண்டாலும் வச்சிருக்கிறன்," என்றார்.

வெளியே மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்ததால் அதற்குப் பிறகு அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கேட்கிறது கேட்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன்.